வன்னி மாணவரும் கடல்கடந்த கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கைத் தமிழர் கல்வி வரலாற்றினை எழுத முற்பட்டோருட் பலர் யாழ்ப்பாணக் குடாநாட்டினையே தம் ஆய்வின் நடுவிடமாகக் கொண்டனர். மிசனரிக் கல்லூரிகளும் சைவ வித்தியாசாலைகளும் அங்கே செறிந்திருந்தமையால் இஃது இயல்பானதே. ஆயினும் ஆனையிறவுக்குத் தெற்கே பரந்து கிடக்கும் வன்னிப் பெருநிலத்தின் கல்வி வரலாறு இதனால் யாழ்ப்பாண வரலாற்றின் ஒரு வாலாகவே கருதப்பட்டு வந்துள்ளது. உயர்கல்வியின் பொருட்டுக் கடல் கடந்து செல்லுதல் என்னும் விடயத்தில் இக்குறைபாடு மிகத் தெளிவாகப் புலனாகின்றது. 'தமிழ் மாணவர் வெளிநாடு சென்றனர்' எனப் பொதுப்படக் கூறுமிடத்து, சென்றோர் யாவர், செல்லாதோர் யாவர், செல்லாதோர் ஏன் செல்லவில்லை என்னும் வினாக்கள் மறைந்துபோகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களையும் கருத்திற்கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மக்கள் இடப்பெயர்வினை ஆராய்ந்த எவரெற் லீ என்பார் 1966 ஆம் ஆண்டில் வெளியிட்ட கோட்பாட்டில், புறப்படும் இடத்திற்குரிய காரணிகள், சென்றடையும் இடத்திற்குரிய காரணிகள், இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தடைகள், தனியாள்சார்ந்த காரணிகள் என நால்வகையாக அவற்றைப் பகுத்துக் காட்டினார். மாணவர் பெயர்வினைப் பற்றிப் பின்னர் எழுந்த ஆய்வுகள் தள்ளும் காரணிகளுக்கும் ஈர்க்கும் காரணிகளுக்குமே முதன்மை அளித்தன. ஆனால், வன்னியைப் பொறுத்தவரையில் மாணவனின் தெரிவைத் தீர்மானித்தவை பெரும்பாலும் இடைத்தடைகளே என்பது எமது துணிபு. அத்தடைகளுள் மூன்று தலையாயவை. அவை காணி, மாவட்ட எல்லை, பாதை என்பனவாம். இவை மூன்றும் வெவ்வேறு காலங்களில் முதன்மை பெற்றமையை இனி நோக்குவாம்.

தொடக்ககாலம்

தமிழர் கடல்கடந்து உயர்கல்வி பெற்ற வரலாறு நீண்டது. 1823 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் 1857 இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். 1870 இல் ஏற்படுத்தப்பெற்ற அரசாங்கப் புலமைப்பரிசில் திறமைமிக்க மாணவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அதனைப் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். 1921 இற் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டதும், 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானதும் உள்நாட்டு வாய்ப்பினைப் பெருக்கின. அதற்கு முன்னர் பட்டம் பெற விரும்பியோர் சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ சென்றனர். அன்றேல் ஊரிலிருந்தவாறே இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்குத் தோற்றினர்.

இவ்வரலாற்றில் வன்னிக்கு இடமில்லை. அக்காலத்து வன்னியின் நிலையினை அறிய விரும்புவோர்க்கு, ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூல் பெருந்துணை புரிகின்றது. உடைந்து கிடந்த குளங்கள், காட்டிடையே சிதறிய சிற்றூர்கள், காய்ச்சல், குடித்தொகைக் குறைவு என்பனவே அன்றைய வன்னியின் இயல்புகள். ஆரம்பப் பள்ளிக்கே ஆள் போதாத ஓரிடத்தில் உயர்கல்வி பற்றிய தெரிவு என ஒன்று எழ வாய்ப்பில்லை.

1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவுற்றபோது வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி என்பன அதன் நிலையங்களாயின. 1914 இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபோது, சென்னை செல்லும் யாழ்ப்பாண மாணவர் மதவாச்சியில் வண்டி மாறிச் செட்டிகுளத்தின் வழியே தலைமன்னார் சென்றனர். ஆகவே, கடல்கடந்த கல்விக்கான பாதை வன்னியை ஊடறுத்தே சென்றதெனலாம். அப்பாதையில் வன்னி மாணவன் ஏறுவதற்கு மேலும் ஒரு தலைமுறை கழியவேண்டியிருந்தது.

குடியேற்றமும் காணியும்

1902 இல் தொடங்கி 1921 அளவில் நிறைவெய்திய இரணைமடுக் குளத்தின் கட்டுமானம் வன்னியின் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். யாழ்ப்பாணத்தின் குடிநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் பொருட்டு 1936 இல் கிளிநொச்சிக் குடியேற்றம் ஏற்படுத்தப்பட்டது. பின்னர் வவுனிக்குளம், முத்தையன்கட்டு, பாவற்குளம் முதலிய குளங்கள் திருத்தப்பட்டு அவற்றின் கீழும் குடியேற்றங்கள் தோன்றின. மலேரியா கட்டுப்படுத்தப்பட்டமை இவ்வளர்ச்சிக்குத் துணைநின்றது. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி குடியேற்றவாசிகளின் பிள்ளைகளையும் பள்ளிக்கு ஈர்த்தது.

இங்கு ஒரு நுட்பமான வேறுபாட்டினை அவதானித்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்று தன் மகனைச் சென்னைக்கோ இலண்டனுக்கோ அனுப்ப விரும்பின், அதற்குரிய பணத்தை எங்ஙனம் தேடியது? பெரும்பாலும் உறுதிக் காணியை விற்றது. அல்லது தேசவழமையில் வேரூன்றிய ஒற்றி முறைப்படி அதனை ஒற்றியாகக் கொடுத்தது. மகன் படித்து உத்தியோகம் பெற்றதும் வரும் சீதனத்தால் அக்காணியை மீட்கலாம் என்னும் கணக்கும் இதனுள் அடங்கியிருந்தது. சிறு பரப்பேயாயினும் தனக்கு உரித்தான காணி என்பதே யாழ்ப்பாணத்தவனின் கல்வி வங்கியாக விளங்கியது.

வன்னியிற் குடியேறியவனின் நிலை இதற்கு நேர்மாறானது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவனுக்குக் கிடைத்தது அனுமதிப்பத்திரக் காணி. அதனை அவன் தன் விருப்பப்படி விற்கவோ, துண்டாடவோ, ஈடு வைக்கவோ முடியாது. விவசாயி கடன்பட்டு நிலமிழந்து போதலைத் தடுத்தற்காகவே இச்சட்டம் ஆக்கப்பட்டது, அந்நோக்கம் போற்றத்தக்கதே. ஆயினும், அதன் எதிர்பாரா விளைவொன்றும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இரண்டு பரப்புத் தோட்டக்காணி உடையவன் திரட்டக்கூடிய பணத்தை, வன்னியில் ஐந்து ஏக்கர் வயல் உடையவன் திரட்ட இயலாதிருந்தது. நிலம் பெரிது, ஆனால் அது பணமாக மாறாது. கல்விக்கான முதலீடு அவ்வாண்டின் விளைச்சலில் இருந்தே வரவேண்டியதாயிற்று. மழை பொய்த்துப் பெரும்போகம் தவறிய ஆண்டில், யாழ்ப்பாணத்து விடுதிக்குச் செலுத்தவேண்டிய பணமே பெரும்பாடாகும். கடல்கடந்த கல்வியைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

விடுதி என இங்குக் குறிப்பிட்டமைக்குக் காரணமுண்டு. க. பொ. த. உயர்தர விஞ்ஞானப் பிரிவு வன்னியின் மிகச் சில பாடசாலைகளிலேயே இருந்தது. ஆய்வுகூடமும் பயிற்றப்பட்ட விஞ்ஞான ஆசிரியரும் அரிதாகவே கிடைத்தமையால், வசதியுள்ளோர் தம் பிள்ளைகளை யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளுக்கு அனுப்பினர். வன்னி மாணவனுக்கு முதலில் வாய்த்த 'வெளியூர்க் கல்வி' யாழ்ப்பாணமே. பணமும் துணிவும் அதிலேயே பெரிதும் செலவாகிவிட்டன.

அதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு பெயர்வு நிகழ்ந்தது. பல்கலைக்கழக அனுமதியோ அரசாங்க உத்தியோகமோ கிட்டாத படித்த இளைஞர்க்கெனக் காணி வழங்கும் திட்டங்கள் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களில் உருவாயின. யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் அங்கு வந்து மிளகாய்ச் செய்கையில் ஈடுபட்டனர். வெளிநாடு செல்ல வசதியற்ற படித்த இளைஞனுக்கு வன்னியே மாற்றிடமாக அமைந்தது என இதனைக் கொள்ளலாம்.

மாவட்ட எல்லை

1971 ஆம் ஆண்டின் பல்கலைக்கழக அனுமதியின்போது, மருத்துவத்துறைக்குத் தமிழ்மொழி மூல மாணவர்க்கு 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவர்க்கு 229 புள்ளிகளும் குறைந்தபட்ச எல்லையாக வகுக்கப்பட்டன. இதனைத் தொடர்ந்து வந்த தரப்படுத்தலும், 1974 இல் மாவட்டக் குடித்தொகையின் அடிப்படையில் அமைந்த ஒதுக்கீடும் யாழ்ப்பாண மாணவரை வெகுவாகப் பாதித்தன. இங்கிலாந்து, இந்தியா முதலிய நாடுகளை நோக்கிய மாணவர் பெயர்வு இக்காலத்தில் விரைவுற்றமைக்கு இதுவே தலையாய தள்ளுங் காரணியெனப் பலரும் எழுதியுள்ளனர். அது பொருத்தமானதே.

எனினும், வன்னியில் இதே கொள்கை வேறொரு முகத்தைக் காட்டியது. 1971 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் மொத்தக் குடித்தொகை ஏறத்தாழ 127 இலட்சம். வவுனியா மாவட்டத்தின் குடித்தொகை ஏறத்தாழ 95,000. யாழ்ப்பாண மாவட்டத்தினது ஏறத்தாழ 7 இலட்சம். குடித்தொகை விகிதப்படி பங்கிட்டால், நூறு இடங்களுள் யாழ்ப்பாணத்திற்கு ஐந்தரை இடமும் வவுனியாவிற்கு ஓர் இடத்திலும் குறைவான பங்குமே உரியனவாகும். யாழ்ப்பாணத்திற்கு இப்பங்கு பேரிழப்பு. வவுனியாவிற்கோ, அதுகாறும் எட்டாதிருந்த ஒரு வாயில் சிறிதளவு திறந்தமை போன்றது. முழுநாட்டுப் போட்டியில் இடம்பெற இயலாத வன்னி மாணவன், தன் மாவட்டத்துக்குள் முதல்வனாகவோ இரண்டாமவனாகவோ வந்தால் மருத்துவனாகலாம் என்னும் நிலை ஏற்பட்டது. எனவே, யாழ்ப்பாணத்தில் மிகத் திறமையான மாணவன் வெளிநாட்டை நாடிய அதே காலத்தில், வன்னியின் மிகத் திறமையான மாணவன் உள்நாட்டிலேயே நின்றான். ஒரே கொள்கை ஒருவனைத் தள்ளியது, மற்றவனை நிறுத்தியது.

ஆனால், இந்நன்மை முழுமையாகக் கிட்டியதெனக் கூறுதற்கில்லை. ஒதுக்கீடு இடத்தைத் தந்ததேயன்றி ஆய்வுகூடத்தைத் தரவில்லை. குறைந்தபட்சத் தகுதியைப் பெறுதற்கே விஞ்ஞானக் கல்வி வேண்டுமன்றோ? மேலும், ஒதுக்கீடு மாணவன் பரீட்சைக்குத் தோற்றிய மாவட்டத்தைப் பார்த்ததேயன்றி அவன் பிறந்து வளர்ந்த ஊரைப் பார்க்கவில்லை. ஆகவே வெளி மாவட்டத்தில் நன்கு பயின்ற மாணவர் சிலர் வன்னிப் பாடசாலைகளிற் பதிவுசெய்து பரீட்சை எழுதும் வழக்கம் தோன்றியது. கதவடைக்கப்பட்ட ஒருவன் வேறொரு கதவைத் தேடுதலைக் குறைகூறுதல் எளிதன்று. எனினும், அதன் விலையைச் செலுத்தியவன் வன்னிக் கிராமத்து மாணவனே.

கிளிநொச்சியின் நிலை இன்னும் விசித்திரமானது. அது 1984 ஆம் ஆண்டு பெப்ரவரி வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. இதனால், உருத்திரபுரத்திலோ பரந்தனிலோ மண்ணெண்ணெய் விளக்கில் படித்த குடியேற்றவாசியின் மகன், யாழ்ப்பாண நகரத்துப் பெருங் கல்லூரிகளின் மாணவரோடு ஒரே ஒதுக்கீட்டுக்குள் போட்டியிடவேண்டியதாயிற்று. அவனிலும் குறைந்த புள்ளி பெற்ற மாங்குளத்து மாணவன் வவுனியா மாவட்டத்தவனாகையால் அனுமதி பெறுதல் கூடும். யாழ்ப்பாணத்தவனின் இழப்பும் வன்னியானின் வறுமையும் ஒருங்கே கிளிநொச்சி மாணவனைச் சார்ந்தன. 1978 செப்டெம்பரில் முல்லைத்தீவு தனி மாவட்டமானபோதும், 1984 இற் கிளிநொச்சி பிரிந்தபோதும், நிருவாக வரைபடத்தில் இடப்பட்ட கோடொன்று மாணவரின் வாழ்க்கைப் போக்கினை மாற்றியது. எல்லைக்கோட்டின் இப்புறம் பிறந்தவன் பேராதனைக்கும் அப்புறம் பிறந்தவன் இலண்டனுக்கும் செல்லும் வகையில் வரலாறு அமைந்தது எனக் கூறின் அது மிகையாயினும், அதன் போக்கு அத்தகையதே.

செலாவணியும் விளைபொருள் விலையும்

1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் உள்நாட்டு விலை உயர்ந்து, வன்னியின் மேட்டுநிலப் பயிர்ச்செய்கையாளர் கையில் முன்னொருபோதும் இல்லாத அளவு பணம் புழங்கியது. உழவு இயந்திரம் வாங்கினர், கல்வீடு கட்டினர், பிள்ளைகளை விடுதிகளிற் சேர்த்தனர். காணியை ஈடு வைக்காமலே ஒரு மகனை வெளிநாடு அனுப்பக்கூடிய வசதி சிலருக்கு முதன்முறையாக வாய்த்தது. ஆனால், இறக்குமதியைக் கட்டுப்படுத்திய அதே கொள்கை அந்நியச் செலாவணியையும் இறுகப் பற்றியிருந்தது. வெளிநாட்டுக் கல்விக்குச் செலாவணி பெறுதல் கொழும்பிற் செல்வாக்குடையோர்க்கே கடினமாயிருந்தபோது, முள்ளியவளை விவசாயி அதனை எண்ணிப் பார்த்திருக்கவும் முடியாது.

1977 இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. செலாவணிக் கட்டுப்பாடு தளர்ந்தது. வெளிநாடு செல்லும் வழி எளிதாயிற்று. அதே வேளை, இறக்குமதி மிளகாயும் வெங்காயமும் சந்தைக்கு வந்து விவசாயியின் வருவாயைக் குலைத்தன. பணம் இருந்த காலத்தில் வழி அடைபட்டிருந்தது. வழி திறந்த காலத்திற் பணம் இல்லாது போயிற்று. இதற்கிடையில் பிரித்தானியாவும் வெளிநாட்டு மாணவரிடம் கல்விக்கான முழுச் செலவையும் அறவிடும் முறையை 1980 இல் நடைமுறைப்படுத்தியது. இலண்டனிற் பகுதிநேர வேலை செய்து கணக்காளர் பரீட்சை எழுதும் வழக்கம் யாழ்ப்பாணத்தவரிடையே பரவியிருந்தமை அங்கு ஏற்கெனவே சென்றிருந்த உறவினரின் துணையாலாகும். வன்னியார்க்கு அத்தகைய உறவினர் அருகியே இருந்தனர்.

பணமின்றிச் செல்லக்கூடிய ஒரு வழி சோவியத் நாட்டின் புலமைப்பரிசிலாகும். 1960 இல் மொஸ்கோவில் நிறுவப்பெற்றுப் பின்னர் லுமும்பாவின் பெயரைத் தாங்கிய மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம், ஆசிய ஆபிரிக்க நாடுகளின் வறிய மாணவர்க்கெனவே உருவானது. ஆயின், அப்புலமைப்பரிசில் பற்றிய தகவலும் தெரிவும் கொழும்பிலேயே குவிந்திருந்தன. தகவல் வந்து சேராமையும் ஒரு தடையே.

உள்நாட்டில் 1974 இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டதும் 1978 இல் அங்கு மருத்துவ பீடம் அமைந்ததும் வன்னி மாணவர்க்கு அணித்தாயதோர் உயர்கல்வி நிலையத்தை அளித்தன. மகளிரைப் பொறுத்தவரையில் இதன் பயன் பெரிது. மகனைக் கொழும்புக்கு அனுப்பத் துணிந்த பெற்றோர் மகளை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பவே இசைந்தனர்.

குடியுரிமையற்றோர்

வன்னி மாணவர் என ஒரே சொல்லால் அனைவரையும் குறித்தல் பொருந்தாது. 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் இனக்கலவரங்களின் பின் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் பலர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் வந்து குடியேறினர். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்ட மக்களின் வழிவந்தோர் இவர்கள். பிரசாவுரிமை இல்லாதவனுக்குக் கடவுச்சீட்டு இல்லை. அரச காணிக்கு அனுமதிப்பத்திரமும் இல்லை. மற்றோர்க்குக் காணி பணமாக மாறாதிருந்ததெனின், இவர்க்குக் காணியே இருக்கவில்லை. வயற்கூலியும் தோட்டக்கூலியுமாக உழைத்த இக்குடும்பங்களின் பிள்ளைகள் பாடசாலையை இடைநடுவில் விட்டமை வியப்பன்று. 2003 ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலமே இந்திய வம்சாவளியினரின் பிரசாவுரிமைப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. கடல்கடந்த கல்வி பற்றிய எவ்வாய்விலும் இம்மாணவரின் பெயர் இடம்பெறாமை, அவர்க்கு அத்தகைய விருப்பம் இல்லாமையாலன்று.

கல்வியும் அடைக்கலமும்

1983 யூலையின் பின் மாணவர் பெயர்வுக்கும் அகதிப் பெயர்வுக்கும் இடையேயிருந்த கோடு மங்கிவிட்டது. 1985 மே மாதத்திற் பிரித்தானியா இலங்கையர்க்கு நுழைவிசைவினைக் கட்டாயமாக்கியது. மாணவனாகச் செல்லுதல் அரிதானபோது, இளைஞர் அகதியாகவே ஜேர்மனிக்கும் பிரான்சுக்கும் கனடாவுக்கும் சென்றனர். படிப்பு என்பது சென்றபின் முடிந்தாற் செய்யும் காரியமாயிற்று. பலர்க்கு அது முடியவில்லை. உணவகங்களில் உழைத்து, ஊரிலிருந்த தம்பி தங்கையரைப் படிப்பித்தனர். இவ்வாறு சென்றோர் அனுப்பிய பணமே அடுத்த தலைமுறையின் தெரிவுகளை வகுத்தது.

வன்னியிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லப் பணமற்றோர் மன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேசுவரம் அடைந்தனர். தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்த மாணவர்க்கு 1980 களில் அம்மாநில அரசு உயர்கல்வியில் இடங்களை ஒதுக்கியது. 1984 இல் தொடங்கப்பெற்ற ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அவர்தம் கல்விக்குத் துணைநின்றது. 1991 இன் பின் ஏற்பட்ட அரசியற் சூழல் இவ்வாய்ப்பினைப் பெரிதும் சுருக்கிற்று. எனினும், வன்னியின் வறிய மாணவர் கடல்கடந்து பட்டம் பெற்றமைக்கு எடுத்துக்காட்டுத் தேடுவோர் இலண்டனைக் காட்டிலும் தமிழ்நாட்டு முகாம்களையே முதலில் நோக்குதல் வேண்டும்.

பாதை

1990 முதல் 2009 வரையான இரு பதின்மங்களில் வன்னி மாணவனின் தெரிவைப் பாதையே தீர்மானித்தது. வன்னியின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்தது, மின்சாரமில்லை, எரிபொருள் முதலியவற்றுக்கு அரசாங்கத்தின் தடை இருந்தது. 1995 இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தோராற் பாடசாலைகள் நிரம்பி வழிந்தன. 1996 இற் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் வீழ்ந்தபோதும் 1998 இல் மீண்டும் கைமாறியபோதும் பாடசாலைகள் மரநிழல்களுக்கு மாறின. ஆயினும் பரீட்சைகள் முற்றாக நின்றுவிடவில்லை என்பது அம்மக்களின் கல்விப்பற்றுக்குச் சான்றாகும்.

பரீட்சையிற் சித்தியெய்தினும் வெளியேறுதல் எளிதன்று. வன்னியை விட்டுப் புறப்படப் புலிகளின் அனுமதி வேண்டும். வவுனியாவுக்குள் நுழைந்தபின் இராணுவத்தின் அனுமதி வேண்டும். அங்கிருந்து கொழும்பு செல்ல மற்றொன்று வேண்டும். கடவுச்சீட்டு அலுவலகமும் வெளிநாட்டுத் தூதரகங்களும் கொழும்பிலேயே இருந்தமையால், கடல்கடந்த கல்வியின் முதற் கடல் ஓமந்தைக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையாகவே இருந்தது. 2002 ஏப்பிரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது இந்நிலை சிறிது தளர்ந்தது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் வீதி மூடப்பட்டது. அதன்பின், குடும்பத்துக்கு ஒருவர் எனக் கட்டாய ஆட்சேர்ப்பு நிகழ்ந்த காலத்தில், பிள்ளையை எங்ஙனமாயினும் வெளியேற்றுதல் கல்வி பற்றிய தெரிவாக இருக்கவில்லை. உயிர் பற்றிய தெரிவாக இருந்தது.

2009 சனவரி 2 ஆந் தேதி கிளிநொச்சி வீழ்ந்தது; மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிற் போர் முடிவுற்றது. ஏறத்தாழ 280,000 மக்கள் செட்டிகுளம் மனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவ்வாண்டு ஓகஸ்டில் அம்முகாம்களிலிருந்த மாணவரும் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினர். பெற்றோரையோ உடன்பிறந்தோரையோ இழந்து சில மாதங்களே கழிந்த நிலையில் அவர்கள் எழுதிய அப்பரீட்சையை எவ்வொதுக்கீட்டு முறையாலும் அளந்துவிட முடியாது.

போருக்குப் பின்னர்

போரின் பின் உள்நாட்டு வாய்ப்புகள் வன்னியின் உள்ளேயே தோன்றின. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகின்றன. 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1997 இல் வளாகமாக உயர்ந்த வவுனியா நிறுவனம் 2021 ஓகஸ்ட் 1 ஆந் தேதி முதல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அனுமதி முறையும் காலப்போக்கில் மாறி, திறமைக்கு 40, மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 எனும் நூற்றுவீதத்தில் அமைந்தது. அப்பின்தங்கிய 16 மாவட்டங்களுள் வன்னியின் மூன்று மாவட்டங்களும் அடங்கும். ஒருகாலத்தில் முன்னணியில் நின்ற யாழ்ப்பாணமும் அடங்கும்.

இத்தனை வாய்ப்புகளுக்குப் பின்னும் வெளிநாட்டை நோக்கிய நாட்டம் குறையவில்லை, கூடியுள்ளது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்க டொலரின் மதிப்பு ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாவாயிற்று. வெளிநாட்டுக் கல்வியின் செலவு ரூபாவில் ஏறத்தாழ இரட்டித்தது. அதே வேளை, உள்நாட்டுச் சம்பளத்தின் பெறுமதி குன்றியது. செல்ல வேண்டுமென்னும் எண்ணமும் செல்ல முடியாமையும் ஒருங்கே வளர்ந்தன. கனடா 2024 முதல் மாணவர் காட்டவேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணத்தை 10,000 டொலரிலிருந்து 20,635 டொலராக உயர்த்தியது. இத்தொகையைக் காட்டக்கூடியோர், வெளிநாட்டில் நெருங்கிய உறவினர் உடையோரே. போரிற் குடும்பத் தலைவனை இழந்து தாயொருத்தியின் உழைப்பில் வளர்ந்த பிள்ளைக்கு அது கனவிலும் எட்டாது. போர்க்காலத்திற் பிறப்புச் சான்றிதழையும் பெறுபேற்றுச் சான்றிதழையும் இழந்தோர் அவற்றை மீளப்பெற அலைந்த அலைச்சலும், ஆங்கில ஆசிரியரின்மையும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கன.

ஓர் ஒப்பீடு

பிறநாட்டு வரலாறொன்றுடன் ஒப்பிடின் வன்னியின் தனித்தன்மை மேலும் துலங்கும். வியட்நாமில் 1905 இல் பன் போய் சாவ் தொடங்கிய 'கிழக்கு நோக்கிய பயணம்' என்னும் இயக்கம் ஏறத்தாழ இருநூறு இளைஞரை யப்பானுக்கு அனுப்பியது. பிரான்சின் வற்புறுத்தலால் யப்பான் அவர்களை வெளியேற்றியதுடன் 1909 அளவில் அவ்வியக்கம் முடிவுற்றது. பின்னர் வட வியட்நாமிய அரசு தன் மாணவரைச் சோவியத் நாட்டுக்கும் கிழக்கு ஐரோப்பாவுக்கும் அனுப்பியது. 1986 இன் பொருளாதாரச் சீர்திருத்தத்தின் பின் குடும்பங்களே தம் செலவில் அவுஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் பிள்ளைகளை அனுப்பத் தொடங்கின. இயக்கம், அரசு, குடும்பம் என மாணவரை அனுப்பும் பொறுப்பு அங்குக் கைமாறி வந்தது. முதலிரு கட்டங்களிலும் சென்றவன் கற்றுத் திரும்புவான், திரும்பி நாட்டுக்கு உழைப்பான் என்னும் எண்ணமே மேலோங்கி நின்றது. வன்னி மாணவனையோ இயக்கமும் அனுப்பவில்லை; அரசும் அனுப்பவில்லை. தடைகளைத் தாண்டிச் சென்றவனைத் திரும்பி வாவென எதிர்பார்த்தோரும் இலர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வன்னி மாணவரின் கடல்கடந்த கல்வி பற்றிய தெரிவு, விருப்பத்தினாலோ திறமையினாலோ மட்டும் அமைந்ததன்று என்பது பெறப்படும். குடியேற்றக் காலத்திற் காணிச் சட்டமும், 1970 களிலும் 1980 களிலும் மாவட்ட எல்லையும், போர்க்காலத்திற் பாதையும் அதனை வகுத்தன. இன்று உறவினரின் வங்கிக் கணக்கு அவ்விடத்தைப் பெற்றுள்ளது.

இவ்வரலாற்றிலிருந்து எழும் வினாவொன்று விடையின்றி நிற்கின்றது. மாவட்ட ஒதுக்கீடு வன்னிக்கெனச் சில இடங்களைத் தந்தது. அவ்விடங்களிற் பயின்று வெளியேறிய மருத்துவரும் பொறியியலாளரும் ஆசிரியரும் வன்னிக்கே வரவேண்டுமென அது விதிக்கவில்லை. உள்நாட்டிற் பட்டம் பெற்று வெளிநாட்டில் மேற்படிப்புக்குச் சென்று அங்கேயே தங்கிவிடுதல் இன்று பெருவழக்காகியுள்ளது. தனியொருவனின் தெரிவாக நோக்கின் அதனைக் குற்றங்கூற எமக்கு உரிமையில்லை; தலைமுறை தலைமுறையாகத் தடையுண்டவன் வழி திறந்ததும் செல்கின்றான். ஆயினும், ஒட்டுசுட்டானிலும் துணுக்காயிலும் விஞ்ஞான ஆசிரியரின்றி ஒரு வகுப்பு வெறுமையாகக் கிடக்குமாயின், அடுத்த தலைமுறைக்குத் தெரிவு என ஒன்று எஞ்சாது. செல்லும் உரிமையைக் காத்தலும், செல்லவேண்டிய கட்டாயத்தைக் குறைத்தலும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. வன்னிப் பாடசாலைகளின் ஆய்வுகூடங்களையும் ஆசிரியரையும் பெருக்குதல் இவ்விரண்டிற்கும் பொதுவான முதற்படியாகும். கடல்கடந்து சென்ற வன்னி மாணவரும் செல்ல இயலாது நின்றோரும் தம் அனுபவங்களைத் தாமே எழுதிவைப்பாராயின், இக்கட்டுரை தொட்டுக்காட்டிய வரலாறு முழுமை பெறும்.